குத்திய பின் மறையும் ஊசி

ஊசி போட்டு முடித்த பிறகுதான் ஊசி ஆபத்தானதாகிறது. மருந்து ஏற்றும்வரை அது கிருமி நீக்கிய ஓர் உருக்குக் குழாய், அவ்வளவுதான். நோயாளியின் கையை விட்டு வெளியே வந்த நொடியில் அதன் துளைக்குள் அவருடைய இரத்தம் கொஞ்சம் தங்கிவிடுகிறது. நுனியோ முன்பிருந்த அதே கூர்மையோடு இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் செவிலியர் ஒரு கையால் பஞ்சை அழுத்திக்கொண்டு, மறு கையில் திறந்த ஊசியோடு, அதைப் போடும் பெட்டி எங்கே என்று திரும்பிப் பார்க்கிறார். நோயாளி சட்டென்று கையை இழுக்கலாம். பக்கத்துக் கட்டிலில் யாரோ ‘சிஸ்டர்’ என்று கூப்பிடலாம். விரலில் ஊசி ஏற அரை நொடி போதும்.

இது எப்போதோ நடக்கும் விபத்து அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 1990களின் பிற்பகுதித் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டது. அதன்படி அந்நாட்டு மருத்துவமனைகளில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,85,000 முறை ஊழியர்களின் கையில் ஊசியோ வேறு கூர்மையான கருவியோ குத்தியது. ஒரு நாளைக்கு ஆயிரம் காயங்களுக்கு மேல். கிளினிக்குகளும் முதியோர் இல்லங்களும் வீட்டுக்கே போய்ச் செய்யும் சிகிச்சையும் இதில் சேரவில்லை. எல்லாப் பிரிவு ஊழியர்களிலும் அதிகம் குத்துப்பட்டவர்கள் செவிலியர்கள்தான்.

குத்திய ஊசியில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். ஹெபடைடிஸ் சி என்றால் 2 சதவீதத்துக்கு உட்பட்டது. எச்.ஐ.வி. என்றால் சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. காகிதத்தில் பார்த்தால் சிறிய எண்தான். ஆனால் குத்துப்பட்டவருக்கு அது மாதக்கணக்கில் நீளும் காத்திருப்பு. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விழுங்க வேண்டும். குமட்டலோடு வேலைக்குப் போக வேண்டும். திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டில் கணவரிடமோ மனைவியிடமோ என்ன சொல்வது என்று தெரியாமல் நாட்களைத் தள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சிஎம்சிக்கு ரயிலில் கொண்டுபோய்ச் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று அப்போதுதான் தெரியவந்தது. கையுறையோ வேறு பாதுகாப்போ இல்லாமல் சாதாரண ஊசியும் சிரிஞ்சும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை அது. அன்று உலகம் முழுவதும் இரத்தம் எடுத்த கைகள் ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருந்தன.

அதே காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஊழியர்களுக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று: கவனமாக இரு. 1987இல் சிடிசி வெளியிட்ட வழிகாட்டுதல், பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதே என்றது. சுவரொட்டி ஒட்டினார்கள், வகுப்பு நடத்தினார்கள். ஆனாலும் செவிலியர்கள் மூடி போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், குத்துப்பட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை என்று நிர்வாகங்கள் சலித்துக்கொண்டன.

ஏன் கேட்பதில்லை என்று போய் விசாரித்தவர் ஜானின் ஜேகர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல் ஆய்வாளர். அதற்கு முன்பு சாலை விபத்துகளில் ஏற்படும் தலைக்காயங்களை ஆராய்ந்தவர். கார் துறை அதற்குள் ஒரு பாடத்தைக் கற்றிருந்தது. ஓட்டுநரைப் பார்த்து நிதானமாக ஓட்டுங்கள் என்று சொல்வதால் குறையும் சாவுகள் கொஞ்சம். காரின் அமைப்பை மாற்றுவதால் குறையும் சாவுகள் அதைவிட மிக அதிகம். அதே கண்ணோடு ஜேகர் ஊசியைப் பார்த்தார். தன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பத்து மாதங்களில் பதிவான 326 ஊசிக் காயங்களை எடுத்துக்கொண்டு, குத்துப்பட்ட ஒவ்வொருவரிடமும் எந்தக் கருவி, எந்தக் கணத்தில், எப்படி என்று கேட்டார். முடிவுகள் 1988இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின.

அந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. முதலாவது, எண்ணிக்கையில் சாதாரண சிரிஞ்ச்தான் அதிகம் குத்தியது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் மருத்துவமனை வாங்கிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அதுதான் ஆபத்து குறைந்தது: ஒரு லட்சம் சிரிஞ்சுக்கு 6.9 காயம். பயன்படுத்திய பின் கழற்ற வேண்டிய கருவிகளில் சில அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல்கூடக் குத்தின. டிரிப் குழாயோடு இன்னொரு குழாயை இணைக்கப் பயன்பட்ட ஊசிகள் இந்த ரகம். கொஞ்சம் யோசித்தால் அங்கே ஊசியே தேவையில்லை. ஊசி இருப்பது தோலைத் துளைக்க. பிளாஸ்டிக் குழாயைப் பிளாஸ்டிக் குழாயோடு இணைக்க ஊசி எதற்கு? பின்னாளில் ஊசியில்லாத இணைப்பான்கள் வந்து அந்த வகைக் காயத்தைப் பெருமளவு குறைத்துவிட்டன. ஆபத்தான பொருளை மறைப்பதைவிட அதை இல்லாமல் ஆக்குவது மேல் என்பது பாதுகாப்புப் பொறியியலின் முதல் விதி.

இரண்டாவது விஷயம் இன்னும் ஆழமானது. மூன்றில் ஒரு பங்குக் காயங்கள் மூடி போடும்போது நேர்ந்தவை. ஏன் மூடி போட்டீர்கள் என்று கேட்டபோது செவிலியர்கள் காரணம் சொன்னார்கள். கையில் நான்கைந்து திறந்த ஊசிகள். பெட்டி அறையின் மறுகோடியில். ஒரே நடையில் அத்தனையையும் கொண்டுபோக வேண்டும். அல்லது, கருவியைக் கழற்றினால்தான் வேலை முடியும். இரத்தம் படிந்த ஊசியை மூடாமல் கழற்றுவது இன்னும் ஆபத்து. ஒரு பெரிய ஆபத்தைத் தவிர்க்கத்தான் சிறிய ஆபத்தை அவர்கள் தெரிந்தே ஏற்றிருந்தார்கள். கருவியைச் செய்தவர் தீர்க்காமல் விட்ட கணக்கை, வார்டில் நின்றபடி செவிலியர் தன் விரலை வைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த பெயர் அஜாக்கிரதை. எனக்கு இந்தத் துறையில் பிடித்த கட்டுரை இதுதான். பழியைக் கையிலிருந்து எடுத்து, அது இருக்க வேண்டிய கருவியின் மேல் வைத்தது.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது? பெருமளவு நியூ ஜெர்சியிலிருந்து. மேக்ஸ்வெல் பெக்டன், ஃபேர்லி டிக்கின்சன் என்ற இருவர் 1897இல் தொடங்கிய பெக்டன் டிக்கின்சன் நிறுவனம், 1906இல் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் ஊசி, சிரிஞ்ச், தெர்மாமீட்டர் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலையை எழுப்பியது. நியூ ஜெர்சியில் இருக்கும் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தின் பெயர் அந்த டிக்கின்சனுடையதுதான். 1954இல் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசிச் சோதனைக்காக, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கண்ணாடி சிரிஞ்சை இந்நிறுவனம் பெருமளவில் தயாரித்தது. 1961இல் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வந்தது. நம் ஊரில் கம்பவுண்டர் எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சைப் போட்டுக் கொதிக்கவைத்ததைப் பார்த்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ஒரு நோயாளியின் கிருமி அடுத்தவருக்குப் போகாமல் தடுத்த பெரும் சாதனை அது. நோயாளிக்கு வந்த ஆபத்து நீங்கியது. ஊசியை எடுத்தவரின் ஆபத்தை மட்டும் யாரும் வடிவமைப்புக்குள் கொண்டுவரவில்லை.

அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் டெக்சஸ்காரர். தாமஸ் ஷா, சிவில் எஞ்சினியரிங் படித்தவர். ஊசி குத்தி எச்.ஐ.வி. தொற்றிய ஒரு மருத்துவரைப் பற்றி 1980களின் இறுதியில் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இது பொறியாளர் தீர்க்க வேண்டிய பிரச்சினை என்று அவருக்குத் தோன்றியது. மருந்துக் கடையிலிருந்து சிரிஞ்சுகளை வாங்கிவந்து பிரித்துப்போட்டு வேலையைத் தொடங்கினார். போதைப்பொருள் பயன்பாட்டை ஆராயும் தேசிய நிறுவனத்தின் மானியம் கிடைத்தது. 1994இல் டல்லாஸுக்கு வடக்கே லிட்டில் எல்ம் என்ற சிற்றூரில் ரிட்ராக்டபிள் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் பிறந்தது. இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருக்கும் ஃபிரிஸ்கோவை ஒட்டிய ஊர் அது. அங்கே பிறந்த சிரிஞ்சின் பெயர் வானிஷ்பாயிண்ட்.

அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அமுக்கினால் முனை உள்ளே போகும் பால்பாயிண்ட் பேனா எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அடிப்படைக் கருத்து அதுதான். சிரிஞ்சின் முன்புறத்தில் ஊசி ஒரு சிறு பிடிப்பானில் செருகப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி, அமுக்கிவைத்த சுருள்வில். வில் எப்போதும் ஊசியைப் பின்னால் தள்ளப் பார்க்கிறது. அதைத் தள்ளவிடாமல் தடுப்பது ஒரு வளையம். அந்த வளையம் உராய்வினால் மட்டுமே தன் இடத்தில் நிற்கிறது. செவிலியர் வழக்கம்போல மருந்தைச் செலுத்துகிறார். கடைசிச் சொட்டு போனபின் பிளஞ்சரைக் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தும்போது அதன் முனை வளையத்தைத் தள்ளி விலக்குகிறது. வில் விடுபடுகிறது, ‘டிக்’ என்ற சத்தத்தோடு ஊசி பின்னோக்கிப் பாய்ந்து, உள்ளே பொள்ளலாக இருக்கும் பிளஞ்சருக்குள் புகுந்துகொள்கிறது. இவ்வளவும் நடக்கும்போது ஊசி இன்னும் நோயாளியின் உடலுக்குள்தான் இருக்கிறது. வெளியே வரும்போது வருவது ஒரு மொட்டைப் பிளாஸ்டிக் குழல். இரத்தம் படிந்த முனை ஒரு நொடிகூட வெளிக்காற்றைப் பார்ப்பதில்லை.

சொல்ல எளிது. செய்வதில் சிக்கல் அந்த உராய்வில் இருக்கிறது. மருந்தைச் செலுத்தும்போது குழலுக்குள் திரவ அழுத்தம் ஏறும். விரலின் விசை அதேதான். குழல் மெலிதாக ஆக ஆக அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்துக்கு வளையம் அசையக்கூடாது, அசைந்தால் மருந்து பாதியில் நிற்கும். ஆனால் கடைசி அழுத்தலுக்கு மட்டும் தவறாமல் விலக வேண்டும். இரவுப் பணியின் பத்தாவது மணி நேரத்தில், வலுக்குறைந்த கட்டைவிரலுக்கும் விலக வேண்டும். மூலப்பொருளோ விலை மலிவான பிளாஸ்டிக். கோடிக்கணக்கில் வார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இந்த எல்லை மாறக்கூடாது. ஒரு பாலத்தைவிட எளிதான வடிவமைப்பு இது என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் பாதுகாப்பு ஊசிகளுக்குள்ளேயே உள்ள ஒரு பிரிவைச் சொல்ல வேண்டும். சில ஊசிகளில் ஒரு மூடி கீல் போட்டு இணைந்திருக்கும். குத்தி எடுத்தபின் விரலால் தட்டி அதை மூட வேண்டும். சிலவற்றில் குழலின் மேல் ஓர் உறை இருக்கும். அதை முன்னால் இழுத்துப் பூட்ட வேண்டும். இவை நடுவில் ஒரு மனிதச் செயலைக் கேட்பவை. மற்றவை தாமாகவே இயங்குபவை. தமிழ்நாட்டு வார்டுகளில் ‘வென்ஃப்ளான்’ என்று சொல்லும் கேனுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். நரம்புக்குள் போனதும் ஊசியை உருவிவிட்டுக் குழாயை மட்டும் விட வேண்டும். உருவிய ஊசி முழுக்க இரத்தமாக இருக்கும். ஒரு கை நரம்பின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். மற்றொரு கையில்தான் ஊசி. அந்நேரத்தில் மூடியைத் தட்டு என்றால் எந்தக் கையால் தட்டுவது? பாதுகாப்பு கேனுலா சிலவற்றில், ஊசி வெளியே வரும்போதே ஒரு சிறு உலோகக் கிளிப் தானாக வந்து நுனியைக் கவ்விக்கொள்கிறது. செவிலியர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரான்சில் 61 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. மனிதச் செயல் தேவைப்படாத, முழுக்கத் தானியங்கும் கருவிகளில்தான் காயம் மிகமிகக் குறைவு என்று அது காட்டியது.

எல்லாவற்றுக்கும் ஒரே கருவி பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊசி போடும் சிரிஞ்ச், இரத்தம் எடுக்கும் ஊசி, கேனுலா, இன்சுலின் பேனா, குழந்தையின் மெல்லிய நரம்புக்குப் போடும் பட்டாம்பூச்சி ஊசி, ஒவ்வொன்றிலும் கை வேறு விதமாக நிற்கிறது. கையின் நிலை தெரிந்தவர் அதைத் தினமும் செய்பவர் மட்டுமே.

ஷாவின் சிரிஞ்ச் 1990களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. சாதாரண சிரிஞ்சைவிட விலை சில மடங்கு. ஆனால் அவர் முட்டிய சுவர் விலை மட்டும் அல்ல. அமெரிக்க மருத்துவமனைகள் தங்களுக்கு வேண்டியதைத் தனித்தனியாக வாங்குவது குறைவு. கூட்டாக வாங்கித் தரும் பெரிய அமைப்புகள் வழியாகத்தான் வாங்குகின்றன. அப்படிப்பட்ட அமைப்புகளில் பெரியதான நோவேஷன், அதே டெக்சஸில் இர்விங் நகரில் இருந்தது. அந்த அமைப்புகள், விற்கும் நிறுவனங்களிடமிருந்தே கட்டணம் பெற 1980களின் பிற்பகுதியில் இருந்து சட்டம் இடம் கொடுத்திருந்தது. நீண்டகால ஒப்பந்தங்களால் தன் சிரிஞ்சுக்குக் கதவு அடைக்கப்பட்டது என்பது ஷாவின் குற்றச்சாட்டு. ஹூஸ்டனைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் மைக் வைஸ், பால் டான்சிகர் அவர் நிறுவனத்தின் சார்பில் 1998இல் பெக்டன் டிக்கின்சன் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்தார்கள். தீர்ப்புக்குப் போகுமுன்பே 2004இல் பெக்டன் டிக்கின்சன் 10 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வைஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ‘பங்க்சர்’ என்ற 2011ஆம் ஆண்டுத் திரைப்படம் இந்தக் கதையைத் தழுவியதே. பெக்டன் டிக்கின்சன் மீதான இரண்டாவது வழக்கில் 2013இல் டெக்சஸ் ஜூரி ஷாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் சந்தை ஏகபோகம் பற்றிய பகுதியைத் தள்ளுபடி செய்தது, தவறான விளம்பரம் பற்றிய பகுதியை ஏற்றது. சட்டப்படி யாருக்கு எவ்வளவு வெற்றி என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். வார்டில் நிற்பவருக்கு இதில் ஒரு செய்தி உண்டு: அவர் கையில் எந்த ஊசி வர வேண்டும் என்று தீர்மானித்த அறைகள் எதிலும் அவர் இல்லை.

அந்த அறைக்குள் செவிலியரைக் கொண்டுபோனது கலிஃபோர்னியா. சான் பிரான்சிஸ்கோ எய்ட்ஸின் கொடுமையை முதலில் பார்த்த நகரங்களில் ஒன்று. அங்கே மருத்துவமனை ஊழியர் சங்கங்கள் 1980களிலிருந்தே பாதுகாப்பான ஊசி கேட்டுப் போராடிவந்தன. ஊசி குத்தி எச்.ஐ.வி. தொற்றிய ஊழியர்கள் வெளிப்படையாகப் பேச முன்வந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 1998 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ், ரெனால்ட்ஸ் ஹோல்டிங், வில்லியம் கார்ல்சன் என்ற இரு செய்தியாளர்களின் புலனாய்வுத் தொடரை வெளியிட்டது. பாதுகாப்பான வடிவமைப்புகள் பல ஆண்டுகளாகவே இருந்தும் மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அது மக்கள் முன் வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்திட, பாதுகாப்பு ஊசிகளைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலமாகக் கலிஃபோர்னியா ஆனது. டெக்சஸ், நியூ ஜெர்சி உள்ளிட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2000ஆம் ஆண்டு நவம்பர் 6 அன்று அதிபர் கிளிண்டன் நாடு முழுமைக்குமான ஊசிக்காயப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரு அவைகளிலும் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய சட்டம்.

சட்டம் நீளமானதல்ல. அதில் இரண்டு பிரிவுகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மருத்துவமனையும் காயப் பதிவேடு வைக்க வேண்டும். குத்துப்பட்டவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும். ஆனால் குத்திய கருவியின் வகையையும் பிராண்டையும் எழுத வேண்டும், எந்தப் பிரிவில் எப்படிக் குத்தியது என்றும் எழுத வேண்டும். கேள்வி ‘யார் தவறு செய்தது’ என்பதிலிருந்து ‘எந்தப் பொருள் குத்தியது’ என்பதற்கு மாறியது. ஜேகர் பத்து மாதம் செய்த ஆய்வை எல்லா மருத்துவமனைகளும் எப்போதும் செய்தாக வேண்டும் என்று ஆனது. மற்றொன்று, பாதுகாப்புக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும், மேலாளர் பதவியில் இல்லாத ஊழியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டதை ஆவணமாகவும் வைக்க வேண்டும். தலைமை மருத்துவரைக் கேட்டோம், நர்சிங் சூப்பிரண்டைக் கேட்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஊசியைப் பிடிக்கும் கையையே கேட்க வேண்டும்.

பலன் உடனே தெரிந்தது. 10 மாநிலங்களின் 85 மருத்துவமனைகளில் 1995 முதல் 2005 வரை பதிவான 23,908 காயங்களை ஜேகரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த 2001இல் காய விகிதம் 38 சதவீதம் விழுந்திருந்தது. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காயங்கள் குறைந்தன. 1985 முதல் 2013 வரை, வேலையின்போது எச்.ஐ.வி. தொற்றியதாக அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்டவர்கள் 58 பேர். 1999க்குப் பிறகு உறுதியானது ஒன்றே ஒன்று. எச்.ஐ.வி. மருந்துகள் நோயாளிகளின் உடலில் கிருமியைக் குறைத்ததும், குத்தியவுடன் கொடுக்கும் தடுப்பு மருந்தும் இதில் பங்கு கொண்டவை. ஊசியின் பங்கையும் யாரும் மறுக்க முடியாது.

ஓரிடம் மட்டும் வழிக்கு வரவில்லை: அறுவைச் சிகிச்சை அரங்கு. ஜேகரின் குழு 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, சட்டத்துக்குப் பின் மருத்துவமனையின் மற்ற பகுதிகளில் காயங்கள் 31.6 சதவீதம் குறைந்தன, அரங்குகளில் 6.5 சதவீதம் கூடின. மொட்டைமுனைத் தையல் ஊசி, கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் ஒரு தட்டில் வைத்து எடுக்கும் முறை எல்லாம் இருந்தன. பழகிய கருவியை மாற்றப் பல அறுவை நிபுணர்கள் முன்வரவில்லை. அரங்கில் குத்துப்படும் செவிலியரும் தொழில்நுட்பரும் பெரும்பாலும் வேறொருவர் பயன்படுத்திய கருவியால் குத்துப்படுகிறார்கள். கருவியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவராகவும் காயம் படுபவர் வேறொருவராகவும் இருக்கும்வரை, எவ்வளவு நல்ல பொறியியலும் அலமாரியிலேயே கிடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஒருமுறை பயன்படுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஏடி சிரிஞ்ச் நம் தடுப்பூசித் திட்டத்தில் பழக்கமானது. அது நோயாளியைக் காக்கிறது. பழைய ஊசி மறுபடி போடப்படாது. ஊசி போடும் கிராமச் சுகாதார செவிலியரின் விரலை அது காப்பதில்லை. நுனி வெளியேதான் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பாதுகாப்பான ஊசி பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இரண்டையும் பிரித்தே சொல்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் ஊசிகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போடச் சொல்கின்றன. ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் ‘பெரும் விபத்து’ என்பதற்கு அந்த விதிகள் தரும் வரையறையிலேயே, ஊசிக் குத்து அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. கழிவைக் கையாள்வது பற்றிய விதி அது. கழிவாகுமுன், செவிலியரின் கையில் இருக்கும் அந்த அரை நிமிடத்துக்கு ஊசி அதன் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்கச் செலவை நாம் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். எல்லா ஊசியையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இரத்தம் நிறைந்த ஊசிகளிலிருந்து தொடங்கலாம்: கேனுலாவும் இரத்தம் எடுக்கும் ஊசியும் முதலில், இன்சுலினும் தசை ஊசியும் பிறகு. டிரிப் குழாயில் ஊசியில்லாத இணைப்பான். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், ஒவ்வொரு கட்டிலருகிலும். இவற்றில் சில ஏறத்தாழச் செலவே இல்லாதவை.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் சிரிஞ்சும் வாங்கித் தருவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். வெளிப்படையான கொள்முதலுக்காக இந்திய அளவில் பெயர் வாங்கிய அமைப்பு அது. அந்தக் கழகத்துக்கும், நம் தனியார் மருத்துவமனைகளின் கொள்முதல் பிரிவுகளுக்கும் என் கோரிக்கை இதுதான். ஊசி, கேனுலா, சிரிஞ்ச் டெண்டரின் தொழில்நுட்பக் குழுவில் வார்டில் பணியாற்றும் செவிலியர்கள் இருவருக்காவது இடம் கொடுங்கள், கையெழுத்துப் போடும் உரிமையோடு. ஒவ்வொரு மருத்துவமனையும் பெயர் போடாத காயப் பதிவேடு ஒன்றைத் தொடங்கட்டும். குத்திய பொருளின் பிராண்டு அதில் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை அந்தப் பதிவேடு டெண்டர் மேசைக்கு வரட்டும். இதைப் படிக்கும் செவிலியருக்கு ஒரு வார்த்தை: குத்திவிட்டால் மறைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, அந்த ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்காமல், உடனே போய்ச் சொல்லி மருந்தைத் தொடங்குங்கள். தவறு உங்களுடையது என்று யாராவது சொன்னால், 1988இல் குத்துப்பட்டவர்களைக் கேட்டு எழுதிய அந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.